கணினியின் செயலற்ற நேரமும் மென்பொருள் தானே முன்னணிக்கு வருதலும்: விண்டோஸ் இயங்குதளத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் கணினிகளில், குறிப்பிட்ட நேரம் எவ்வித உள்ளீடும் இல்லாதபோது ஒரு மென்பொருள் தானாகவே திரையின் முன்னணிக்கு வருமாறு அமைக்கும் தேவை எழுகிறது. இவ்வமைப்பு, செயலற்ற நேரத்தைக் கணித்தல், முன்னணி உரிமையைப் பெறுதல் என்னும் இரு செயல்களால் ஆனது. அவற்றின் இயங்குமுறையை விண்டோஸ் இயங்குதளத்தின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. உள்ளீடு இன்மையும் பயனர் இன்மையும் ஒன்றல்ல என்பதைச் சுட்டி, வாசிப்பவருக்கு இடையூறு விளைக்காத அமைப்பு முறையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: செயலற்ற நேரம், முன்னணிச் சாளரம், குவியம், திரைக்காப்பு, அணுகல்தன்மை.

முன்னுரை

நூலகத்தின் பட்டியல் தேடலுக்கென வைக்கப்பட்ட கணினியில் ஒருவர் தம் மின்னஞ்சலைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து சென்றால், அடுத்து வருபவர் காண்பது நூற்பட்டியலை அன்று, முன்னவரின் கடிதங்களை. ஐந்து நிமிடம் எவரும் தொடாதபோது பட்டியல் மென்பொருள் தானே முன்னே வருமாயின் இந்நிலை நேராது. அருங்காட்சியக விளக்கத்திரை, வருகைப்பதிவுக் கணினி ஆகியவற்றுக்கும் இத்தேவை உண்டு. எளியதாகத் தோன்றும் இவ்வேண்டுகோளை இயங்குதளங்கள் எளிதில் ஏற்பதில்லை. அதற்கான காரணத்தை அறிந்தாலன்றி அமைப்பைச் சரிவரச் செய்தல் இயலாது.

மேலே தெரிதலும் குவியம் பெறுதலும்

‘முன்னணிக்கு வருதல்’ என்னும் தொடர் இரு வேறு நிகழ்வுகளைக் குறிக்கிறது. ஒன்று, சாளரம் பிற சாளரங்களுக்கு மேலாகத் தெரிதல். மற்றொன்று, விசைப்பலகை உள்ளீட்டைப் பெறும் உரிமையாகிய குவியம் அச்சாளரத்திற்கு மாறுதல். குவியத்தைக் கொள்ளாமலே ஒரு சாளரத்தை மேலே காட்ட விண்டோஸில் வழியுண்டு. முன்னது காட்சியை மட்டுமே மறைக்கும். பின்னதோ தட்டச்சு செய்யப்படும் எழுத்துகளைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் குவியம் இடையில் மாறினால், எஞ்சிய எழுத்துகள் வேறொரு பெட்டியில் வெளிப்படையாகப் பதியக்கூடும். குவியத்தை எம்மென்பொருளும் விரும்பியவாறு பறித்துக்கொள்ள இயங்குதளங்கள் இசையாமைக்கு இதுவே அடிப்படை.

செயலற்ற நேரத்தைக் கணித்தல்

விசைப்பலகை, சுட்டி முதலியவற்றிலிருந்து இறுதி உள்ளீடு வந்த கணத்தை விண்டோஸ் குறித்து வைக்கிறது. கெட்லாஸ்ட்இன்புட்இன்ஃபோ என்னும் செயற்கூறு அக்கணத்தை மில்லிநொடி எண்ணாகத் தருகிறது. கணினி தொடங்கியது முதல் கடந்த மில்லிநொடிகளிலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால் கிடைப்பதே செயலற்ற நேரம்.

இங்கு இரண்டைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, இவ்வெண் 32 பிட் அளவினது, ஏறத்தாழ 49.7 நாள்களில் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். பல வாரங்கள் அணைக்கப்படாத கணினியில், குறியிலா எண்ணாகக் கழிக்காத நிரல் அவ்வேளையில் பிழையான விடை தரும். இரண்டாவது, இச்செயற்கூறு அதனை அழைக்கும் அமர்வின் உள்ளீட்டை மட்டுமே அறியும். விஸ்டா பதிப்பு முதல் பின்புலச் சேவைகள் பயனர் அமர்விலிருந்து பிரிக்கப்பட்டு, தனியோர் அமர்வில் இயங்குகின்றன. ஆதலின் கண்காணிக்கும் நிரலைச் சேவையாக அன்றி, பயனர் உள்நுழையும்போது அவரது அமர்விலேயே தொடங்குமாறு அமைத்தல் வேண்டும்.

விண்டோஸின் பணி அட்டவணையிலும் ‘செயலற்றிருக்கும்போது’ என்னும் தூண்டுதல் உள்ளது. ஆயின் அது மையச் செயலகத்தின் சுமை, வட்டுப் பயன்பாடு ஆகியவற்றையும் கருத்திற்கொள்வது. பராமரிப்புப் பணிகளுக்கென உருவானது. நிமிடக் கணக்கில் துல்லியம் வேண்டுமிடத்து அது பொருந்தாது.

முன்னணி உரிமைக்கான கட்டுப்பாடு

செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ என்னும் செயற்கூறு ஒரு சாளரத்தை முன்னணிக்குக் கொணர முயல்கிறது. இம்முயற்சி நிறைவேறச் சில நிபந்தனைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று முன்னணிப் பூட்டுக் காலம். பயனரின் இறுதி உள்ளீட்டிற்குப் பின் இக்காலம் முடியும்வரை பிற மென்பொருள் முன்னணியைக் கைக்கொள்ள இயலாது. பயனருக்குரிய பதிவேட்டுக் கிளையில் ஃபோர்கிரவுண்ட்லாக்டைம்அவுட் என்னும் பெயரில் இது பதிவாகியுள்ளது. இதன் இயல்பு மதிப்பு 2,00,000 மில்லிநொடி. அதாவது 3 நிமிடம் 20 நொடி.

இம்மதிப்பைச் சுழியமாக்கிவிடுமாறு கூறும் அறிவுரை பரவலாக வழங்குகிறது. அவ்வாறு செய்தால் அக்கணினியின் எல்லா மென்பொருளுக்கும் அத்தடை நீங்கிவிடும். செயலற்ற நேர வரம்பை 5 நிமிடமாக வைத்தால், அதற்குள் பூட்டுக் காலம் தானாகவே கடந்துவிடும். ஆகவே, இந்நோக்கத்திற்கு அம்மதிப்பை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. பூட்டுக் காலம் கடப்பது தேவையான நிபந்தனையே அன்றிப் போதுமான நிபந்தனை அன்று. பிற நிபந்தனைகள் நிறைவேறாதவிடத்து, சாளரம் மேலெழாமல் பணிப்பட்டையில் அதன் பொத்தான் மட்டும் மின்னும்.

அமைக்கும் முறை

காட்சி மறைந்தால் போதும் என்னுமிடத்துத் திரைக்காப்பே எளிய வழி. விண்டோஸில் திரைக்காப்பு என்பது எஸ்.சி.ஆர். என்னும் பின்னொட்டு பெற்ற இயங்கு கோப்பே. அதனை முன்னே கொணர்வது இயங்குதளமாதலின் உரிமைச் சிக்கல் எழுவதில்லை. மீளும்போது உள்நுழைவுத் திரை தோன்றுமாறும் அமைக்கலாம்.

குறிப்பிட்ட மென்பொருளே முன்வர வேண்டுமாயின், ஆட்டோஹாட்கீ போன்ற கட்டற்ற நிரலாக்கக் கருவி பயன்படும். அதன் ஏ_டைம்ஐடில் மாறி செயலற்ற நேரத்தை மில்லிநொடியில் தருகிறது. வின்ஆக்டிவேட் கட்டளை, சுருக்கப்பட்ட சாளரத்தை விரித்து முன்னே கொணர 60 மில்லிநொடிக்குள் ஆறு முறை முயல்கிறது. நிரலின் ஒழுங்கு வருமாறு:

1. நொடிக்கு ஒருமுறை செயலற்ற நேரத்தைச் சரிபார்த்தல்.
2. 2,80,000 மில்லிநொடி கடந்ததும் குவியம் கொள்ளாத சிறு எச்சரிக்கைச் சாளரத்தைக் காட்டுதல்.
3. 3,00,000 மில்லிநொடி கடந்ததும் உரிய மென்பொருளை ஒருமுறை மட்டும் முன்னே கொணர்ந்து, அதனைக் குறித்துக்கொள்ளுதல்.
4. செயலற்ற நேரம் குறைந்ததும் எச்சரிக்கையையும் குறிப்பையும் நீக்குதல்.

எந்த உள்ளீடும் செயலற்ற நேரத்தைச் சுழியமாக்கும் என்பதால் எச்சரிக்கைச் சாளரத்திற்குத் தனியே பொத்தான் வேண்டுவதில்லை. சுட்டியைச் சற்றே நகர்த்தினாலும் போதும்.

பிற இயங்குதளங்கள்

லினக்ஸின் எக்ஸ்11 சூழலில் எக்ஸ்பிரிண்ட்ஐடில் செயலற்ற நேரத்தையும், டபிள்யூஎம்சிடிஆர்எல் சாளர மாற்றத்தையும் கவனித்துக்கொள்கின்றன. வேலாண்ட் சூழலில், பயனரின் செயலிலிருந்து பெறப்படும் அனுமதிக்குறி இன்றி முன்னணியைப் பெறுதல் அரிது. 2023இல் வெளிவந்த மேக்ஓஎஸ் சொனோமாவில், முன்னணிக்கு வருதல் கட்டளை என்னும் நிலையிலிருந்து வேண்டுகோள் என்னும் நிலைக்கு மாற்றப்பட்டது. குவியத்தின் மீதான உரிமை மென்பொருளிடமிருந்து பயனருக்கு நகர்ந்து வருவதை இவை காட்டுகின்றன.

வாசிப்பும் செயலின்மையும்

கணினி அளப்பது உள்ளீட்டையே, கவனத்தை அன்று. மின்வருடல் செய்யப்பட்ட ஓலைச்சுவடிப் பக்கம் ஒன்றில் சிதைந்த எழுத்தை உற்றுநோக்குபவர், சுட்டியைத் தொடாமலே ஐந்து நிமிடத்திற்கு மேல் அமர்ந்திருக்கலாம். அவ்வேளையில் அவர் மிகுந்த உழைப்பில் ஈடுபட்டிருக்கிறார்; கணினியின் கணக்கிலோ அவர் இல்லை. நிகழ்படம் ஓடும்போது திரை அணையாதிருக்குமாறு இயக்கி இயங்குதளத்தைக் கேட்டுக்கொள்ளலாம். ஆயினும் இறுதி உள்ளீட்டுக் கணம் அதனால் மாறுவதில்லை. எனவே, படிக்கும் மென்பொருள் முன்னணியில் இருக்கும்போது வரம்பை நீட்டித்தல் தக்கது.

வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுநெறிகளின் 2.2.1ஆம் கூறு, ஏற்கத்தக்க வழிகளுள் ஒன்றாக, காலம் முடியுமுன் எச்சரித்து நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி அளிப்பதைக் குறிப்பிடுகிறது. வலைத்தளங்களுக்கென வகுக்கப்பட்டதாயினும் இவ்வளவு மேசைக்கணினிக்கும் பொருந்தும். மேற்கண்ட நிரலில் எச்சரிக்கைக்கும் மாற்றத்திற்கும் இடையே 20 நொடி விடப்பட்டிருப்பது இதனாலேயே. திரைவாசிப்பான் துணையுடன் படிப்பவருக்கு எச்சரிக்கை ஒலிவடிவிலும் அமைதல் வேண்டும். அறிவிப்பின்றிக் குவியம் மாறினால் தாம் எங்குள்ளோம் என்பதை அவர் அறிதல் கடினம்.

முடிவுரை

செயலற்ற நேரத்தில் மென்பொருளை முன்னே கொணர்வது திரையை மறைக்குமேயன்றி முன்னவரின் அமர்வை முடிக்காது. பட்டியலுக்குப் பின்னால் அவரது மின்னஞ்சல் திறந்தே கிடக்கும். பணிப்பட்டையை ஒருமுறை சொடுக்கினால் மீண்டும் தோன்றும். தனிமறைவைக் காப்பதே நோக்கமாயின், அமர்வைப் பூட்டுதலோ வெளியேற்றுதலோ உடன் அமைய வேண்டும். அடுத்த பயனருக்கு வழிகாட்டுவது மட்டுமே நோக்கமாயின், இயல்பான பூட்டுக் காலத்தை மாற்றாமல் அதற்கு மேற்பட்ட வரம்பும் முன்னெச்சரிக்கையும் வைப்பது பொருந்தும். இவ்விரு நோக்கங்களுள் எது தம் நிறுவனத்திற்கு உரியது என்பதை முதலில் தெளிந்து, அதன்பின் கருவியைத் தேர்தல் நன்று.