துருவத்தில் புயல்... மாமல்லபுரம் படகில் தடுமாறும் ஜி.பி.எஸ்!

மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் குப்பங்களிலிருந்து இரவில் கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகளில் இன்று ஜி.பி.எஸ். கருவி சாதாரணம். வலை விரித்த இடத்தையும் கரை திரும்பும் வழியையும் அதுதான் காட்டுகிறது. செங்கல்பட்டில் நீங்கள் பார்க்கும் செல்போன் மேப்பும் அதே செயற்கைக்கோள்களை நம்பித்தான் இருக்கிறது.

அவை சுற்றுவது சுமார் 20,000 கி.மீ. உயரத்தில். அங்கிருந்து வரும் சிக்னல் அயனி மண்டலத்தைக் கடந்தாக வேண்டும். சூரியக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துப் போட்டிருக்கும் பகுதி அது. அதற்கும் மேலே, சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களைக் குடைபோலத் தடுக்கிறது பூமியின் காந்த மண்டலம்.

இரண்டுக்கும் இடையே ஓயாத போக்குவரத்து உண்டு. துருவங்களின் அருகே காந்தக் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் வழியே எலெக்ட்ரான்கள் இறங்கி, காற்றில் மோதி வண்ண ஒளியாகத் தெரிகின்றன. கீழிருந்து ஹைட்ரஜன், ஆக்சிஜன் அயனிகள் மேலேறுகின்றன. இந்த மின்னோட்டத்தைப் பற்றி நார்வே விஞ்ஞானி கிறிஸ்டியன் பிர்க்லேண்ட் 1908-ல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1970-களில் செயற்கைக்கோள்கள் அதை உறுதிசெய்தன. வீட்டு ஏ.சி. இழுப்பது பத்து ஆம்பியருக்குள். அங்கே புயல் நேரத்தில் ஓடுவது பத்து லட்சம் ஆம்பியருக்கும் மேல்!

நம் ஊரில் ஏன் அந்த ஒளி இல்லை?

காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதனால் இங்கே காந்தக் கோடுகள் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கின்றன. துகள்கள் இறங்க வழியில்லை. 2024 மே 10 இரவு, இருபது ஆண்டுகளில் காணாத சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் செவ்வொளி படமானது. தமிழகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

ஆனால், துகள் வராவிட்டாலும் துருவத்தில் உண்டாகும் மின்புலம் நிமிடங்களில் இங்கே எட்டிவிடும். நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலமோ இயல்பிலேயே துடுக்கானது. அந்தி சாய்ந்ததும் அதில் எலெக்ட்ரான் குறைந்த 'குமிழிகள்' கிளம்பும். அவற்றைக் கடக்கும் சிக்னல், நட்சத்திரம் மினுங்குவதுபோல நடுங்கும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், நள்ளிரவு வரை இந்தத் தொல்லை அதிகம். சூரியப் புயல் சில நாள் இதைக் கூட்டும். சில நாள் அடக்கியும் விடும். அதுதான் கணிப்பதற்குச் சிரமம்.

விளைவு? கருவி சில மீட்டர் முதல் பல மீட்டர் வரை பிசகலாம். சிக்னலே சற்று நேரம் அறுந்தும் போகலாம். சாலையில் இது சின்ன எரிச்சல். கடற்கரைக் கோயிலை ஒட்டிக் கடலுக்குள் பாறைகள் கிடக்கும் இடத்தில், இருட்டில் வரும் படகுக்கு அப்படியல்ல.

இதைக் கண்காணிக்க திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1, 15 லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும் புதிய போன்கள், அயனி மண்டலம் உண்டாக்கும் தாமதத்தைப் பெருமளவு சரிசெய்துகொள்ளும். ஆனால், சிக்னலே அறுந்தால் அவையும் கைவிரிக்கும். அந்த நேரத்தில் படகுக்குத் துணை, திசைகாட்டியும் மாமல்லபுரம் குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கமும்தான்.