மரம் உலர்த்திய கொட்டகைகள்

ஸ்காட்லாந்தின் பழைய எஸ்டேட்டுகளைக் காணச் செல்வோர் மாளிகையையும் தோட்டத்தையும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். மர அறுவை ஆலையை ஒட்டி நிற்கும் நீண்ட கொட்டகையை ஏறெடுத்துப் பார்ப்போர் குறைவு. இடைவெளி விட்டு அறைந்த மரச்சட்டங்களே அதன் சுவர். அறுத்த பலகைகள் உலர்வதற்கென்றே எழுப்பப்பட்ட கட்டடம் அது.

அப்போதுதான் வெட்டிய மரத்தில், அதன் உலர்ந்த எடைக்கு நிகரான நீர்கூட இருக்கக்கூடும். நீர் வெளியேறும்போது மரம் சுருங்குகிறது. அதுவும் ஒரே சீராக அன்று. ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, குறுக்குத் திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே பலகை வளைகிறது. மிக விரைந்து உலர்ந்தால் வெடிக்கிறது. மழையும் வெயிலும் படாமல், காற்று மட்டும் மெல்ல ஊடுருவ வேண்டும். கூரையும் சட்டச் சுவரும் அதைத்தான் செய்தன. பலகைகளுக்கிடையே ரீப்பர் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று நேராக அமையும்படி வைத்து அடுக்குவர். ஒரு துண்டு விலகினாலும் மேலுள்ள சுமை பலகையைக் கோணலாக்கிவிடும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. அவ்வளவு காத்திருந்தும், அந்நாட்டின் ஈரக்காற்றில் பலகையின் ஈரம் பதினெட்டு விழுக்காட்டளவில் நின்றுவிடும். வேலிக்கும் கூரைக்கும் அது போதும். மேசை நாற்காலிக்கு மேலும் சில காலம் கணப்புள்ள அறையில் வைத்தாக வேண்டும்.

வங்கியாளன் கண்ணுக்கு இது முடங்கிக் கிடக்கும் நடைமுறை மூலதனம். கடன் வாங்கி மரம் வாங்கிய வணிகருக்கு மூன்றங்குலப் பலகை என்பது மூன்றாண்டு வட்டி. எஸ்டேட் பிரபுவுக்கோ காடும் சொந்தம், ஆலையும் சொந்தம். வாயிற்கதவு, தரைப்பலகை, குடியானவர் வீடு என்று தேவையும் சொந்தத் தேவையே. அவரால் காத்திருக்க முடிந்தது.

காத்திருப்பில் அத்தால் பிரபுக்களை விஞ்சியவர் அரிது. 1738-இல் டங்கெல்டில் நட்ட லார்ச் மரங்களுள் ஒன்று தேவாலயத்தருகே இன்றும் நிற்கிறது. 1830-இல் மறைந்த நான்காம் பிரபு ஒரு கோடிக்கும் மேற்பட்ட லார்ச் கன்றுகளை நட்டார். அம்மரத்தின் தரத்தைச் சோதிக்க, 1820-இல் 'அத்தால்' என்ற போர்க்கப்பலையே லார்ச்சால் கட்டிக் கடலில் இறக்கியது பிரிட்டிஷ் கடற்படை.

வெப்பமூட்டிய உலர்த்து அறைகள் வந்தபின், ஆண்டுக்கணக்கு வாரக்கணக்காயிற்று. கொட்டகைகள் வண்டி நிறுத்தவும் தட்டுமுட்டுச் சாமான் போடவும் பயன்பட்டன. வேலையற்ற கட்டடத்துக்குப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்குவோர் யார்? வீடாக மாற்றினால் கூரை பிழைக்கும். ஆனால் குளிரைத் தடுக்கச் சட்டங்களின் இடைவெளியை அடைத்தாக வேண்டும். அந்த இடைவெளிதான் கட்டடத்தின் பொருளே. இதைவிட எனக்கு உகந்ததாகத் தோன்றுவது வேறொரு வழி: சில சிறு ஆலைகள் இன்றும் பலகையை முதலில் காற்றில் உலர்த்தி, எஞ்சிய ஈரத்துக்கு மட்டும் வெப்ப அறையை நாடுகின்றன. எரிபொருள் செலவு குறைகிறது. கொட்டகைக்கும் அதன் பழைய வேலை கிடைக்கிறது.