திசை தப்பிய விண்கலம்

ஆகாயத்தில் ஒரு கலம் எங்கே இருக்கிறது என்றறிவது வேறு; அதன் முகம் எத்திக்கை நோக்கியுள்ளது என்றறிவது வேறு. இரண்டாவதில் பிழை நேரின் முதலாவதால் யாது பயன்? ஸோஹோ என்னும் சூரிய ஆராய்ச்சிக் கலத்துக்கு நேர்ந்ததை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பியரும் அமெரிக்கரும் கூடி 1995-இல் ஏவிய அக்கலம், பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் அப்பால் நின்று சூரியனை நோக்கியிருந்தது. 1998 ஜூனில் அதன் ஜைராஸ்கோப்புகள் இரண்டு முரண்பட்ட கணக்குத் தந்தன. ஒன்று இயங்காமலே நின்றதால், கலத்தில் அசைவேயில்லை என்றது. தரையிலிருந்தோர் அதனையே நம்பி, மெய் கூறிய மற்றதை நிறுத்திவிட்டனர்! பொய்ச்சாட்சியை நம்பி மெய்ச்சாட்சியைச் சிறைக்கனுப்பும் நீதி இது. கலம் நிலைதடுமாறிச் சுழன்றது. ஜூன் 25-இல் செய்தி அற்றது. சூரியத் தகடுகளின் விளிம்பே ஒளியை நோக்கியமையால் மின்சாரம் இல்லை, எரிபொருள் உறைந்தது. பின்னர் விசாரித்த குழு, கலத்தின்மீது குற்றங்காணவில்லை. தரையில் நேர்ந்த பிழைகளையே சுட்டிற்று.

ஒரு மாதங்கழித்து, போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் அன்றிருந்த 305 மீட்டர் ராட்சதக் கிண்ணம் ராடார் அலையை ஏவிற்று. கலத்திற்பட்டு மீண்ட எதிரொலியைக் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையம் பற்றியது. கலம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒருமுறை சுழல்வது புலனாயிற்று. அது சூரியனைச் சுற்றி நகர நகரத் தகடுகளில் ஒளி விழுமென்று கணக்கிட்டு, நிபுணர்கள் ஓயாது அழைத்தனர். ஆகஸ்ட் 3-இல் மெல்லிய பதில் வந்தது. எரிபொருளைச் சிறுகச் சிறுக உருக்கி, செப்டம்பர் 16-இல் கலத்தைச் சூரியன்பால் திருப்பினர். டிசம்பரில் எஞ்சிய ஒரே ஜைராஸ்கோப்பும் பழுதாயிற்று. அஃதின்றியே கலத்தை நடத்தும் வழியை 1999 தொடக்கத்தில் கண்டனர்.