நுரை தேடி – 9: கடலையைக் கறந்தவர்கள்

சோயாப் பால் காபியில் ஏன் திரிகிறது என்று போன வாரம் பார்த்தோம். டிக்காக்‌ஷனின் புளிப்பும் சூடும் கூட்டுச் சேர்ந்து புரதத்தைக் கட்டி தட்ட வைக்கின்றன. அவ்வளவுதான், மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் முந்திரிப் பால் என்று சொல்லியிருந்தேன். செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் காடுகளைப் பற்றிக் குறிப்புகூட எடுத்துவைத்தாயிற்று. நடுவில் கார்வர் வந்துவிட்டார்.

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, அலபாமாவின் டஸ்கிகியில் வேளாண் ஆராய்ச்சியாளராக உயர்ந்தவர். வெளிநாட்டுக் கடலைக்கு இறக்குமதி வரி போடச் சொல்லி, 1921 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரிக் குழு முன்னால் போய் நின்றார். கொடுத்த நேரம் 10 நிமிடம். கறுப்பினத்தவர் என்ற இளக்காரத்தோடு சில உறுப்பினர்கள் சீண்டிப் பார்த்தார்கள். அவர் பாட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்துக்கொண்டே போனார். கடலையில் செய்த மிட்டாய், மாவு, சாஸ். பிறகு ஒரு பாட்டில் கடலைப் பால். பசும்பாலைப் போலவே இதிலும் ஏடு மேலே வரும் என்றார். அடுத்து எடுத்ததைப் படித்தபோதுதான் நான் எழுந்து நின்றேன்: கிரீமும் சர்க்கரையும் முன்னதாகவே சேர்த்த உடனடி காபி! 1921-ல்! இன்று பளபளக்கும் பாக்கெட்டில் நமக்கு விற்கும் சமாசாரத்தை அந்த மனிதர் அன்றைக்கே பெட்டியில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். 10 நிமிடம் முடிந்ததும் குழுத் தலைவரே, வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மறு வருடம் வரியும் வந்தது.

இதற்குக் கொஞ்சம் முன்னால் நம் ஊரிலும் ஒருவர் கடலையும் பாலுமாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். 1912-ல் தென்னாப்பிரிக்காவில், டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை விட்டவர் காந்தி. 1918-ல் கேடாவில் ஊர் ஊராக அலைந்த காலத்தில் அவருடைய முக்கிய ஆகாரம் கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். வயிற்றுக்கடுப்பு வந்து படுத்தார், உடம்பு தேறவில்லை. பாலுக்கு ஈடாகத் தாவரத்தில் ஏதாவது உண்டா என்று வைத்தியர்களைக் கேட்டும் பதில் இல்லை. கஸ்தூரிபாதான் வழி கண்டுபிடித்தார்: விரதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப் பாலுக்கு என்ன தடை? பாரிஸ்டருக்கே வாதம் எடுத்துக்கொடுத்த அம்மாள்!

காந்தி கேட்ட கேள்வி மைசூருக்குப் போய்ச் சேர்ந்தது. 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், பால் பற்றாக்குறைக்கு மருந்தாகக் கடலைப் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பாலோடு கலந்து ‘மில்டோன்’ என்று ஒரு பானத்தை உருவாக்கியது. 1970-களில் பெங்களூரில் பாட்டிலில் விற்றார்கள். 1970-ல்தான் வெண்மைப் புரட்சித் திட்டமும் தொடங்கியது. மாட்டுப் பால் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு மில்டோனை யார் நினைப்பார்கள்?

குன்னத்தில் ஒரு டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பூமி. கடலையும் தெரியாத பயிரில்லை. ஆற்றிக்கொண்டிருந்த டீ மாஸ்டர் நம்பவில்லை. “கடலைய ஆட்டுனா எண்ணெ வரும், புண்ணாக்கு வரும். பாலு எப்புடிண்ணே வரும்?” பெஞ்சிலிருந்த பெரியவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “புண்ணாக்க மாட்டுக்குப் போட்டாப் பாலு வருதுல்ல? இவரு நடுவுல மாட்ட எடுத்துட்டாருப்பா.” ஒன்பது வாரமாக நான் சுற்றி வளைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கணக்கும் அவர் பக்கம்தான். கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். 100 கிராமுக்கு 800 மில்லி தண்ணீர் என்று வைத்தால், பிழிவதில் போவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கொழுப்பில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டின் 6 சதவீதத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். காபிக்கென்று விற்கும் ஓட்ஸ் பாலிலோ வழவழப்புக்காகத் தனியாக எண்ணெய் ஊற்றுகிறார்கள். ஓட்ஸே விளையாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பாக்கெட்டுக்கு ஏன் தவம் கிடக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

செய்முறை கேட்பவர்களுக்கு: பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்பைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் பொறுக்கி எறியுங்கள், 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளைக் கொன்றது கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கிலிருந்த அஃப்ளாடாக்சின் நஞ்சு. கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மற்றவர்கள் பச்சை வாடை போக லேசாக வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து, அடிப்பிடிக்காமல் காய்ச்சுங்கள். டிக்காக்‌ஷனைப் பாலில் மெல்லிய தாரையாக விடுங்கள். அப்படியும் திரிந்தால் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக ஆப்பசோடா. கூடினால் சோப்பு வாடை அடிக்கும். வேடிக்கை என்னவென்றால், பசும்பாலில் சோடா சேர்த்தால் கலப்படம் என்று பிடிப்பார்கள். காபிக்கான தாவரப் பால் பாக்கெட்டுகளிலோ புளிப்பைத் தாங்குவதற்கென்றே பாஸ்பேட் உப்பைச் சேர்த்து, அதை அட்டையில் அச்சடித்தும் விற்கிறார்கள்.

சுவை? கடலை மணம் போகாது. சிக்கரி தூக்கலான டிக்காக்‌ஷன் அதை ஓரளவு அடக்குகிறது. நாட்டுச் சர்க்கரை போட்டால் இரண்டும் ராசியாகிவிடுகின்றன. வெள்ளைச் சர்க்கரையோடு எனக்குப் பிடிக்கவில்லை.

முந்திரிக்கு இந்த வாரம் இடமில்லை. நைசாக அரைத்தால் துணியில் பிழியக்கூடத் தேவையில்லாத பால் அது. ஆனால் அதிலிருக்கும் மாவுச்சத்து சூட்டில் கெட்டிப்பட்டுவிடும். டம்ளரில் இருப்பது குருமாவாக மாறாமல் எப்படிக் காப்பாற்றுவது என்பதை அடுத்த வாரம் செந்துறையிலிருந்து பார்க்கலாம். ஓட்ஸ் அதற்கும் அடுத்த வாரம், ஆசிரியர் பக்கம் ஒதுக்கினால்.

(தொடரும்)