நாலாயிரம் குழல்களின் பழைய குரல்

பேனா மூடியை உதட்டோரம் வைத்து ஊதிப் பார்த்திருக்கிறீர்களா, மாணவச் செல்வங்களே? வகுப்பில் ஊதினால் ஆசிரியர் காதைத் திருகுவார். வீட்டில் ஊதிப் பாருங்கள். 'கீச்' என்று கத்தும். அடுத்து ஒரு பெரிய காலி பாட்டிலின் வாயில் ஊதுங்கள். 'பூம்' என்று அடிக்குரலில் முனகும். சிறிய குழலுக்கு மெல்லிய உயர்ந்த குரல். நீண்ட குழலுக்குக் கனத்த தாழ்ந்த குரல். இந்த ஒரு சின்ன உண்மையை வைத்துக்கொண்டு மனிதர்கள் மூன்று மாடி உயரத்துக்கு ஓர் இசைக்கருவி செய்துவிட்டார்கள். அதன் பெயர் பைப் ஆர்கன்.

நம் ஊர் ஹார்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடது கையால் துருத்தியை அசைக்கிறோம். வலது கையால் கட்டையை அழுத்துகிறோம். ஆர்கனிலும் அதே கதைதான். துருத்தியிலிருந்து வரும் காற்று ஒரு பெரிய மரப்பெட்டியில் வந்து நிற்கும். அந்தப் பெட்டியின் தலையில் வரிசை வரிசையாகக் குழாய்கள் நிற்கும். வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தினால், மெல்லிய மரச்சட்டங்கள் வழியாக அந்த அசைவு போய், பெட்டிக்குள் ஒரு குட்டி மூடியைத் திறக்கும். காற்று குழாய்க்குள் பாயும். குழாய் பாடும். மின்சாரம் வராத காலத்தில் துருத்தியை மிதிப்பதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். கைதட்டல் எல்லாம் வாசிப்பவருக்கு. வியர்வை எல்லாம் இவர்களுக்கு!

எல்லாக் குழாய்களும் ஒரே மாதிரி பாடுவதில்லை. சில புல்லாங்குழல் போல் இழையும். உள்ளே பித்தளை நாக்கு வைத்த சில எக்காளம் போல் முழங்கும். ஒவ்வொரு வகைக் குரலுக்கும் ஒரு முழு வரிசைக் குழாய்கள் உண்டு. எந்த வரிசை பாட வேண்டுமோ அதற்குரிய குமிழை வாசிப்பவர் இழுத்துவிடுவார்.

இப்போது ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் துறைமுக நகரத்துக்குப் போவோம். அங்கே புனித யாக்கோபு ஆலயம் என்று ஒரு பழைய ஆலயம் இருக்கிறது. அதில் ஆர்ப் ஷ்னிட்கர் என்பவர் 1693-ஆம் ஆண்டு ஓர் ஆர்கனைச் செய்து முடித்தார். தச்சர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்த ஆர்கனில் 60 வகைக் குரல்கள், சுமார் 4,000 குழாய்கள், கைக்கு நான்கு அடுக்குக் கட்டைகள், அது போதாதென்று காலுக்கும் ஒரு வரிசைக் கட்டைகள். மிக நீளமான குழாய் வரிசையின் அளவு 32 அடி. அதில் உள்ள மிகப் பெரிய குழாய் ஒரு வினாடிக்கு இருபது முறைக்கும் குறைவாகத்தான் அதிரும். காதால் கேட்பதைவிட வயிற்றில் உணர்வதே அதிகம். மிகச் சிறிய குழாயோ நம் விரல் அளவுகூட இராது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஷ்னிட்கர் எல்லாக் குழாய்களையும் புதிதாகச் செய்யவில்லை. அதே ஆலயத்தில் முன்பிருந்த ஆர்கனின் நல்ல குழாய்களை எடுத்து வைத்துக்கொண்டார். அவற்றில் சில, அவர் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டவை. "பழசு, தூக்கிப் போடு" என்று அவர் சொல்லவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஆர்கனை ஆசைப்பட்டவர்களில் ஒருவர் மாபெரும் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக். 1720-இல் யாக்கோபு ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் பதவி காலியானபோது அவரும் விண்ணப்பித்தவர்களில் ஒருவர். வேலை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஹைட்மன் என்பவருக்கு. அவர் ஆலயத்துக்கு 4,000 மார்க் பணம் கொடுத்தார். நாலாயிரம் குழாய்க்கு நாலாயிரம் மார்க்! குழாய்க்கு ஒரு மார்க் என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ. இன்று பாக்கைத் தெரியாத இசைப்பள்ளி இல்லை. ஹைட்மனை இந்த ஒரு கதைக்காகத்தான் நினைக்கிறோம்.

இனி, கருவிக்கு வந்த கஷ்டங்களைப் பார்ப்போம்.

ஆர்கன் குழாய்கள் பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. உங்கள் பாட்டி வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பார்த்திருப்பீர்கள். அது வெள்ளீயம். ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் அல்லவா? வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆனால் வெள்ளி போல் பளபளக்கும். அதனால் ஆர்கனின் முகப்பில், மக்கள் கண்ணில் படும் இடத்தில், வெள்ளீயம் மிகுந்த குழாய்களை நிறுத்துவார்கள். உள்ளே மறைந்து நிற்பவற்றில் காரீயம் அதிகம் இருக்கும்.

அந்தப் பளபளப்பே வினையாயிற்று. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் வெள்ளீயத்துக்குத் தட்டுப்பாடு. ஆலயங்களின் ஆர்கன் முகப்புக் குழாய்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. 1917-இல் ஷ்னிட்கர் ஆர்கனின் முகப்புக் குழாய்கள் கழற்றப்பட்டுப் போருக்காக உருக்கப்பட்டன. 224 ஆண்டுகள் பாடிய குழாய்கள்! அழகில்லாமல் உள்ளே இருட்டில் நின்றவை தப்பின.

பல் விழுந்த முகம்போல நின்ற அந்தக் கருவியை 1919-இல் இரண்டு இளைஞர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் ஹான்ஸ் ஹென்னி யான். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ் பெற்றவர். மற்றவர் அவருடைய நண்பர் கோட்லீப் ஹார்ம்ஸ். கருவி பாழடைந்து கிடந்தது. ஆனால் உள்ளே இருந்த பழைய குழாய்களின் ஒலியைக் கேட்டதும், "இப்படி ஒரு ஒலியை இன்று யாரும் செய்வதில்லையே!" என்று வியந்து போனார்கள். இசை நிகழ்ச்சிகள் நடத்தினார்கள், ஊரைத் திரட்டினார்கள், பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. 1925-இல் ஹாம்பர்க்கிலும் அருகிலுள்ள லூபெக்கிலும் ஆர்கன் கலைஞர்கள் கூடி, பழைய ஆர்கன்களை எப்படிக் காப்பது என்று விவாதிக்கும் அளவுக்கு இந்தக் கருவி பெயர் பெற்றது.

அடுத்த போர் வந்தது. இந்த முறை ஆபத்து வானத்திலிருந்து வரும் என்று தெரிந்து, குழாய்களையும் அவை நிற்கும் காற்றுப் பெட்டிகளையும் முன்கூட்டியே கழற்றிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலாயிரம் குழாய்களைக் கழற்றுவது என்றால் சும்மா இல்லை. ஈயக் குழாய் மென்மையானது. அழுத்திப் பிடித்தாலே நசுங்கிவிடும். 1944-இல் குண்டு விழுந்து ஆலயம் எரிந்தது. ஆர்கனின் அழகான மரக்கூடு அதோடு சாம்பலாயிற்று. கழற்றி எடுத்துப் போனவை மட்டும் மிஞ்சின. யோசித்துப் பாருங்கள்: அவற்றைச் சுமந்து போன கைகள் கொஞ்சம் தாமதித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

போர் முடிந்து ஆலயத்தை மீண்டும் கட்டினார்கள். 1961-இல் ஆர்கன் பழைய இடத்துக்குத் திரும்பியது. எல்லோரும் மகிழ்ந்திருக்க வேண்டும்; ஆனால் காது நுட்பமானவர்களுக்குத் திருப்தி இல்லை. குழாய்கள் பழையவைதான், குரல் பழையதாக இல்லை!

ஏன் அப்படி? இங்கேதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு குழாயின் குரல் அதன் நீளத்தில் மட்டும் இல்லை. அதன் அடியில் உதடு போல ஒரு பிளவு உண்டு. அந்த உதடு எவ்வளவு உயரம், காற்று வரும் துளை எவ்வளவு அகலம், தகடு எவ்வளவு கனம், காற்றின் அழுத்தம் எவ்வளவு... இவற்றில் மயிரிழை மாறினாலும் குரல் மாறும். ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து ரசனைப்படி பழைய ஆர்கன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் 'திருத்தியது'. உதட்டை வெட்டினார்கள். துளையைப் பெரிதாக்கினார்கள். சுருதியை மாற்ற நீளத்தைக் குறைத்தார்கள் அல்லது கூட்டினார்கள். வெட்டியதை ஒட்டுவது எவ்வளவு கடினம் என்று நகவெட்டி பிடித்த எவருக்கும் தெரியும்.

லீர் என்ற சிறு நகரத்தில் 1954-இல் பட்டறை தொடங்கியவர் யூர்கன் ஆரெண்ட். பழைய ஆர்கன்களை மீட்பதில் பெயர் பெற்றவர். ஹாம்பர்க் வேலை அவரிடம் வந்தபோது அவர் அனுபவம் இல்லாமல் வரவில்லை. ஷ்னிட்கரின் கை பட்ட வேறு ஆர்கன்களை ஸ்டாடே நகரில் 1975-இலும், நோர்டன் நகரில் 1985-இலும் செப்பனிட்டு முடித்திருந்தார். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அந்த வீட்டு அண்ணன் அக்காவுக்கெல்லாம் மருந்து கொடுத்த டாக்டருக்குக் குடும்பத்தின் உடல்வாகு தெரியும் அல்லவா? அப்படித்தான். காணாமல் போனவை எப்படி இருந்திருக்கும் என்பதை உடன்பிறப்புகளைப் பார்த்து அறியலாம்.

இப்படிப்பட்ட வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் ஒவ்வொரு குழாயையும் கழற்றி, எண் எழுதி, அளந்து, நசுங்கலை நீவி எடுப்பார்கள். விரிசலைப் பற்றவைப்பார்கள். காரீயக் குழாய்க்கு ஒரு விசித்திர நோய் உண்டு. ஆர்கனின் கூட்டுக்கு ஓக் மரம் பயன்படுத்துவார்கள். அந்த மரத்திலிருந்து மெல்லக் கசியும் அமில ஆவி, காரீயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். வீடே குடியிருப்பவரைத் தின்பது போல! அரிக்கப்பட்ட இடத்தை மட்டும் வெட்டி, அதே கலவை உலோகத்தில் துண்டு செய்து ஒட்டுவார்கள். முழுக் குழாயையும் மாற்றுவது சுலபம். ஆனால் நல்ல கைவேலைக்காரர் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்வார். துருத்தியிலும் மூடிகளிலும் ஒட்டியிருக்கும் ஆட்டுத்தோல் காய்ந்து கிழிந்திருக்கும். அதைப் புதிதாக ஒட்டித்தான் ஆக வேண்டும்.

பிறகு சுருதி சேர்ப்பது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் குழாய்க் காட்டுக்குள் புகுந்து நிற்பார். குழாயைக் கையால் தொட்டால் அந்தச் சூட்டிலேயே சுருதி மாறிவிடும். தொட்டுவிட்டால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நாலாயிரம் குழாய்க்கு இந்தப் பொறுமை எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பாடத்தில் போட்டுப் பாருங்கள்.

யாக்கோபு ஆலய ஆர்கனின் சுருதியும் தனி. இன்று உலகமெங்கும் வாத்தியங்கள் வினாடிக்கு 440 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்ளும் சுரம், இதில் சுமார் 495. வாய்ப்பாட்டு கற்கும் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் உள்ள வித்தியாசம். இன்றைய வாத்தியங்களோடு சேர்த்து வாசிப்பது சிரமம்தான். இருந்தாலும் ஆரெண்ட் இன்றைய சுருதிக்கு மாற்றவில்லை. மாற்ற வேண்டுமானால் குழாய்களை நீட்ட வேண்டும். பிறகு அது ஷ்னிட்கரின் குழாயாக இருக்காது. சுரங்களைப் பங்கிடும் முறையையும் பழங்கால முறையைத் தழுவியே அமைத்தார். அந்த முறையில் சில ராகங்கள் தேனாக இனிக்கும்; சில சற்றுக் கரகரக்கும். இன்றைய பியானோவில் எல்லாம் சமம். எனக்கென்னவோ இந்தக் கரகரப்பும் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

1944-இல் எரிந்த மரக்கூடும் 1917-இல் உருகிய முகப்புக் குழாய்களும் புதிதாகச் செய்யப்பட்டன. 1993-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில், கருவிக்கு 300 வயது ஆன அதே ஆண்டில், ஆர்கன் மீண்டும் ஒலித்தது.

ஆலயத்துக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்ப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்தப் புது முகப்புதான். ஷ்னிட்கர் செய்தவையும், அவருக்கு முந்தைய காலத்திலிருந்து அவர் பத்திரப்படுத்தியவையும் அதன் பின்னால் இருட்டில் நிற்கின்றன. வாசிப்பவர் குமிழை இழுத்துக் கட்டையில் விரல் வைக்கும்போது பழையதற்கும் புதியதற்கும் ஒரே துருத்தியிலிருந்துதான் காற்று போகிறது.