திட்டம் பலன் தந்ததா? எதனோடு ஒப்பிட்டுச் சொல்வது?

வயல் விழாவில் செயல்விளக்கத் திடலின் முன் ஒரு பலகை நிற்கும். பழைய முறையில் இவ்வளவு மகசூல், புதிய முறையில் இவ்வளவு என்று எழுதியிருக்கும். அதை நம்பிக் கடன் வாங்கிச் செலவு செய்யப் போகிற சிறு விவசாயி, அந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். திட்டங்களை நடத்துகிறவர்களுக்கே இது எளிதான கேள்வி அல்ல. இந்தோனேசியாவின் அனுபவம் இதை நன்கு விளக்குகிறது.

அந்நாட்டில் நெற்பயிரைப் புகையான் கடுமையாகத் தாக்கியது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியதே தவிரக் குறையவில்லை. புகையானைத் தின்னும் சிலந்திகளும் பிற நன்மை செய்யும் பூச்சிகளும் மருந்தில் மடிந்ததே காரணம். 1986-ஆம் ஆண்டில் அரசு 57 பூச்சி மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. மருந்துக்கான மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989-இல் நின்றுவிட்டது. அதே ஆண்டில் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் கூடுவார்கள். தூருக்கு எத்தனை புகையான், எத்தனை சிலந்தி என்று எண்ணிப் பார்த்து, மருந்து தேவையா என்று தாங்களே முடிவு செய்வார்கள். பத்தாண்டுகளில் பல லட்சம் பேர் இப்படிப் பயின்றனர்.

இந்தப் பள்ளிகளால் பலன் உண்டா? பயிற்சிக்கு முன்பும் பின்பும் கணக்கெடுத்துப் பார்ப்பது ஒரு வழி. செலவு குறைவு, எல்லோருக்கும் புரியும். ஆனால் தடை வந்து, மானியமும் நின்ற பிறகு, பள்ளிப் பக்கமே போகாதவர்கூட மருந்தைக் குறைத்திருப்பார். அதைப் பள்ளியின் கணக்கில் எழுதுவது தவறு. மாறாக, 1997-98-இல் அங்கு கடும் வறட்சி. அவ்வாண்டு மகசூல் குறைந்ததற்குப் பயிற்சியைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்த வழி, பயின்றவரையும் பயிலாதவரையும் ஒப்பிடுவது. இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எந்த ஊரிலும் பயிற்சிக்கு முதலில் வருகிறவர் யார்? சாலையோரத்தில் நிலமும், பாசன வசதியும், சொந்த ஆர்வமும் உள்ளவர். அவருக்குப் பயிற்சி இல்லாவிட்டாலும் நாலு மூட்டை கூடத்தான் விளையும்.

ஆகவே ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உதாரணமாக, பயின்றவரின் மகசூல் ஏக்கருக்கு 20 மூட்டையிலிருந்து 25 ஆனது. பயிலாதவருடையது 19-லிருந்து 23 ஆனது என்று வைத்துக்கொள்வோம். முன்னவருக்கு 5 மூட்டை கூடியது, பின்னவருக்கு 4. பயிற்சியின் பலன் என்று சொல்லத்தக்கது ஒரே ஒரு மூட்டை! பலகையில் 5 என்றுதான் எழுதியிருப்பார்கள்.

கெர்ஷான் ஃபெடர் உள்ளிட்ட மூவர் இம்முறையில் 1991, 1999 ஆகிய ஆண்டுகளின் கணக்குகளை ஆராய்ந்தனர். 2004-இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, மகசூலிலோ மருந்து உபயோகத்திலோ குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. இது பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரங்களை வேறு விதமாக அலசி, ஆரம்பத்தில் பலன் இருந்தது, நாளடைவில் தேய்ந்துவிட்டது என்றனர். பயிற்சி வீண் என்பது வேறு, பயிற்சியைப் புதுப்பிக்காமல் விட்டது தவறு என்பது வேறு. முதலாவதானால் பள்ளியை மூடலாம்; இரண்டாவதானால் மீண்டும் நடத்த வேண்டும்.

எந்த ஊருக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தால் ஆள் பார்த்து எடுக்கும் குறை நீங்கும். ஆயினும் வரப்பில் நின்று பேசுவதை யாரும் தடுக்க முடியாது. பயின்றவரிடம் கேட்டு அடுத்த வயல்காரரும் மருந்தைக் குறைத்தால், இருவருக்கும் வித்தியாசமே தெரியாமல் போகும். விவசாயிகளையே கேட்பதும் நல்லதுதான். கணக்கில் ஏறாத பல விஷயங்கள் அப்போது வெளிவரும். ஆனால் வீடு தேடி வந்த அதிகாரியிடம் குறை சொல்ல நம்மில் பலருக்கு மனம் வராது.

எந்த வழியானாலும் அளவை சரியாக இருக்க வேண்டும். நெல்லுக்கு 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள சதுரத்தை அறுத்து எடை போடுகிறார்கள். ஓர் ஏக்கரில் இப்படிச் சுமார் 162 சதுரங்கள் அடங்கும். செழித்த இடமாகப் பார்த்து அறுத்ததால் ஒரு கிலோ கூடினால், ஏக்கர் கணக்கில் 162 கிலோ கூடிவிடும். எனவே சதுரத்தின் இடத்தை முன்கூட்டிச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பது முறை.

புதிய ரகத்தையோ உரத்தையோ சோதிக்க விரும்பும் விவசாயி, வயல் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரே மண்ணும் ஒரே பாசனமும் உள்ள வயலில் பாதியில் புதிய முறையையும் மறுபாதியில் பழைய முறையையும் கையாளலாம். எந்தப் பாதி புதியது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யலாம். இரண்டையும் தனித்தனியே அறுத்து, தனித்தனியே எடை போட்டு, செலவையும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த போகத்தில் பாதிகளை மாற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது.