நிரல்மொழியின் எளிமையும் மென்பொருளின் தரமும்: தமிழகப் பாடத்திட்டத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் கணினி அறிவியல் பாடம் 2018, 2019ஆம் ஆண்டுகளில் மாற்றியமைக்கப்பட்டபோது, பதினொன்றாம் வகுப்பிற்குச் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பைத்தான் மொழியும் வைக்கப்பட்டன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் முதற்பருவ மாணவர் சி மொழியிலேயே நிரல் எழுதத் தொடங்கினர். 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அவ்விடத்தைப் பைத்தானுக்கு அளித்தது. கணினி அறிவியல் மாணவர்க்குச் சி மொழி இரண்டாம் பருவத்திற்குத் தள்ளப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் இவ்வரிசையையே பின்பற்றியது. எனவே மேடவாக்கத்திலோ சேலையூரிலோ பள்ளிப் படிப்பை முடித்து அருகிலுள்ள பொறியியல் கல்லூரியில் இவ்வொழுங்குமுறைகளின்படி கணினி அறிவியல் பயின்ற மாணவர், கடின மொழி, எளிய மொழி, மீண்டும் எளிய மொழி, மீண்டும் கடின மொழி என்னும் நான்கு கட்டங்களைக் கடந்தார். மேடவாக்கத்திற்குக் கிழக்கே சோழிங்கநல்லூரின் மென்பொருள் வளாகங்களும் மேற்கே தாம்பரத்தின் ஏற்றுமதி மண்டலமும் உள்ளன. வகுப்பறையில் பழகிய நிரலாக்க முறை சில ஆண்டுகளில் வங்கிக் கணக்கையும் மருத்துவமனைப் பதிவையும் கையாளும் மென்பொருளுக்குள் சென்றுசேரும் நிலப்பகுதி இது.

எளிய மொழி மென்பொருளின் தரத்தை உயர்த்துமா, தாழ்த்துமா என்னும் வினா இச்சூழலில் எழுகிறது. மொழியின் எளிமையால் சிக்கல் மறைவதில்லை. பிழை எப்போது, யார் கண்ணில் படுகிறது என்பதே மாறுகிறது என இக்கட்டுரை வாதிடுகிறது.

எளிமை என்னும் சொல்

எந்த மொழி எளியது? 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரவரையறையில் உள்ள சிறப்புச்சொற்கள் 32. பைத்தான் 3.7இல் அவை 35. சொற்களின் எண்ணிக்கையே எளிமைக்கு அளவுகோல் எனில், மாணவர் அஞ்சும் சி மொழியே பைத்தானைவிட எளியதாகிவிடும். மொழி சிறியதாக இருப்பது ஒன்று. அதில் எழுதுவது எளிதாக இருப்பது வேறொன்று. அதில் தவறு செய்வது கடினமாக இருப்பது மூன்றாவது. பாடத்திட்ட விவாதங்களில் இம்மூன்றும் 'எளிமை' என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால், ஒருவர் கூறுவதற்கு மற்றவர் தரும் மறுப்பு பெரும்பாலும் வேறொரு பொருளுக்கே செல்கிறது.

பிழை வெளிப்படும் காலம்

ஐந்து பாட மதிப்பெண்களைக் கொண்ட அணி ஒன்றைக் கொள்வோம். அணியின் இடங்கள் சுழியத்தில் தொடங்கி நான்கில் முடிகின்றன. மாணவர் தவறுதலாக ஐந்தாம் எண்ணுக்குரிய இடத்தைக் கேட்டால், பைத்தான் அவ்வரியிலேயே நின்று பிழையை அறிவிக்கும். சி மொழி அதைத் தடுக்கக் கடமைப்பட்டதன்று. அடுத்த நினைவிடத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணை அது மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளக்கூடும். நிரலும் குறையின்றி ஓடியதுபோல் தோன்றக்கூடும். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புக் குறைபாடுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளால் விளைந்தவை என 2019இல் தெரிவித்தது. குரோமியம் உலாவித் திட்டமும் தன் கடுமையான குறைபாடுகளைப் பற்றி 2020இல் ஏறத்தாழ இதே அளவைக் கூறியது. இரண்டிலும் சி, சி++ மொழி நிரல்களே மிகுதி. இவ்விடத்தில் பைத்தான் தரத்திற்குத் துணைசெய்கிறது என்பதில் ஐயமில்லை.

மற்றோர் எடுத்துக்காட்டு இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளிலேயே பெயரிடலாம். 'மொத்தம்' என்னும் மாறிக்குச் சுழியத்தை இருத்தி, மடக்கினுள் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் கூட்டும்போது, விடையை ஏற்கும் இடத்தில் 'மொதம்' எனத் தவறாகத் தட்டச்சிட்டதாகக் கொள்வோம். பைத்தான் 'மொதம்' என்னும் புதிய மாறியை ஓசையின்றி உருவாக்கிக்கொள்ளும். முடிவில் 'மொத்தம்' சுழியமாகவே நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. சி++ மொழியிலோ 'மொதம்' அறிவிக்கப்படாத மாறி என்று கூறி நிரல்பெயர்ப்பி நிரலை ஏற்க மறுத்துவிடும். தொடக்க மாணவர்க்குச் சலிப்பூட்டும் அறிவிப்புக் கூற்றே இங்கே காவலாகிறது.

முப்பது வரி நிரலில் சுழியம் உடனே கண்ணில் படும். பல்லாயிரம் வரிகள் கொண்ட நிரலில், ஆண்டிறுதிக் கணக்கின்போது மட்டும் இயங்கும் ஒரு கிளையில் மாறியின் பெயர் பிறழ்ந்திருந்தால், அக்கிளை இயங்கும் நாள்வரை பைத்தான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அன்று அப்பிழையைக் காண்பவர் எழுதியவர் அல்லர், பயனர்.

வளரும்போது திரும்பும் சிக்கல்

எளிமையைக் கொள்கையாகக் கொண்டு பிறந்த மொழிகளும் நிரல்கள் பெருகியபின் விட்டுவந்தவற்றை மீண்டும் சேர்த்துக்கொள்கின்றன. பைத்தான் 3.5 (2015) தரவினக் குறிப்புகளுக்கு முறையான இடமளித்தது. டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் நாற்பது இலட்சம் வரிப் பைத்தான் நிரலை இனச் சோதனைக்கு உட்படுத்தியதை 2019இல் விவரித்தது. 25 சிறப்புச்சொற்களோடு கூகுள் நிறுவனம் 2009இல் வெளியிட்ட கோ மொழி, பொதுமை இனங்களை 2022இல் ஏற்றது. இதை எளிமையின் தோல்வி என்பது பொருந்தாது. ஒருவர் எழுதி அவரே படிக்கும் நிரலுக்கும், நூறு பேர் எழுதி முன்பின் அறியாதவர் திருத்தும் நிரலுக்கும் தேவைகள் வேறு.

எளிமையின் வேறொரு வகையைத் தாம்பரத்திற்குத் தெற்கே, கூடுவாஞ்சேரியை அடுத்து வளாகம் கொண்டுள்ள சோஹோ நிறுவனத்தின் டெலூஜ் மொழியில் காணலாம். 2006இல் வெளிவந்த சோஹோ கிரியேட்டர் தளத்தோடு வளர்ந்த இம்மொழி, தொழில்முறை நிரலர் அல்லாதாரும் தம் அலுவலகப் படிவங்களுக்கு விதிகள் எழுதுவதற்கானது. நினைவகச் சுட்டுகளைக் கையாளும் வாய்ப்பு இதில் இல்லை. பட்டியலின் உறுப்புகள்மீது நகரும் மடக்கே அடிப்படை. செய்யக்கூடியவற்றைக் குறைத்து, அதன்வழித் தவறக்கூடியவற்றையும் குறைப்பது இதன் வழி. குறுகிய பணிக்கு இது மிகப் பொருத்தமானது. இயக்கமுறைமை எழுத இதை யாரும் நாடப்போவதில்லை.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழ் நிரல்மொழியையும் இங்குச் சுட்டலாம். தமிழ்ச் சிறப்புச்சொற்கள் ஆங்கிலத் தடையை நீக்குகின்றன. இது நுழைவாயிலின் எளிமை. பிழையைப் பிடிக்கும் திறனை இதைக்கொண்டு அளத்தல் இயலாது.

அளவீடுகள் கூறுவன

பைஷாகி ராய் குழுவினர் கிட்ஹப் தளத்தின் 729 திட்டங்களை, 17 மொழிகளில், ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரை, மொழிக்கும் பிழை எண்ணிக்கைக்கும் சிறிய, ஆயினும் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க தொடர்பு உண்டு என்றது. எமரி பெர்கர், யான் விட்டேக் உள்ளிட்டோர் அவ்வாய்வை மீளச் செய்து 2019இல் வெளியிட்டபோது நான்கு மொழிகளுக்கே தொடர்பு எஞ்சியது. அதன் அளவும் மிகமிகச் சிறிது. முதல் ஆய்வில் டைப்ஸ்கிரிப்ட் எனக் கணக்கிடப்பட்ட கோப்புகளுள் பல, அதே பின்னொட்டைக் கொண்ட மொழிபெயர்ப்புக் கோப்புகள் என்பதும் தெரியவந்தது. 2012இல் பிறந்த மொழிக்கு 2003ஆம் ஆண்டிலேயே நிரல்கள் இருந்ததாகத் தரவு காட்டியிருக்கிறது! மொழியின் விளைவைத் திட்டத்தின் அளவு, குழுவின் பழக்கம், சோதனையின் செறிவு ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று. ஆகவே பைத்தானுக்கு மாறியதால் தமிழக மாணவரின் நிரல்தரம் உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ மொழியை மட்டும் காட்டி வாதிடுவது வலுவற்றது.

வகுப்பறையில் செய்யக்கூடியது

பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலேயே, சி++ நிரலைப் பைத்தானிலிருந்து மொழிபெயர்த்து இயக்கும் முறைக்கென ஒரு பாடம் உள்ளது. இரு மொழிகளும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் அதுவே. மேற்கண்ட மதிப்பெண் நிரலை இரண்டிலும் எழுதச் செய்து, அணியின் எல்லை மீறல், மாறிப் பெயரின் பிறழ்வு ஆகிய இரு பிழைகளையும் வேண்டுமென்றே புகுத்தி, ஒவ்வொன்றையும் முதலில் கண்டது நிரல்பெயர்ப்பியா, இயக்க நேரமா, மாணவரா, எவருமே இல்லையா என்று பதிவேட்டில் குறிக்கச் செய்யலாம். இதற்கு ஒரு செய்முறை வகுப்பு நேரம் போதும். புதிய பாடநூலோ புதிய மொழியோ தேவையில்லை.